ஜீப் வரும் நாள்

என் மெஷினில் நான் உட்காரக்கூடாத நாள் ஒன்று இருந்தது. லேபர் ஆபீசரின் ஜீப் வரும் நாள்.

1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். தகட்டை டை என்கிற அச்சில் வைத்து, கையை எடுத்துவிட்டுப் பெடலை மிதித்தால், மேலிருக்கும் இரும்பு இறங்கித் தகட்டை வளைக்கும். மூன்று வருடமாக அதுதான் என் வேலை. ஆனால் கம்பெனிக் கணக்கில் நான் பேக்கிங் ஹெல்ப்பர். அந்த மெஷினுக்கு ஆபரேட்டர் என்று காட்டியிருந்தது, ஸ்டோர்ஸில் நட்டு, போல்ட் எடுத்துக் கொடுக்கும் மண்ணூர்க்காரர் ஒருவரை. ஆபரேட்டர் சம்பளம் அவருக்கு, ஹெல்ப்பர் சம்பளம் எனக்கு. கேட்டால், அவர் குடும்பஸ்தர் என்பார்கள். எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் என் சம்பளத்தை நம்பியிருந்தவர்கள் எல்லாம் காற்றைக் குடித்து வாழ்ந்தார்கள் போலிருக்கிறது.

ஒரு தடவை, ஜீப் வந்த வாரம்தான் சூப்பர்வைசரிடம் போய், எனக்கு ஆபரேட்டர் கிரேடு வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

"இன்னொரு தபா வாயைத் தொறந்தேன்னா, ரோட்டுல நின்னுகினுதான் பேசணும்" என்றார்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் திரும்பி வந்துவிட்டேன்.

ஜீப் வந்த அன்று, சத்தம் கேட்டதும் சூப்பர்வைசர் ஓடி வந்தார். "எறங்கும்மா, பேக்கிங்குக்குப் போ."

நான் நகரவில்லை.

"காதுல வுழல? நாளைக்கு வேலைக்கு வரணுமா, வாணாமா?"

இறங்கினேன். பக்கத்து மேசையில் அட்டைப்பெட்டி மடிக்க நின்றுகொண்டேன். ஸ்டோர்ஸ் அண்ணன் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார். "கோச்சுக்காதம்மா, நான் இன்னா பண்ண" என்று முணுமுணுத்தார்.

வழக்கமான ஆபீசர் முன் ரூமில் காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார். அன்றைக்கு வந்தவர் புது ஆள். ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்களிடம் வந்ததும், "ஓட்டுப்பா, பாக்கலாம்" என்றார்.

அண்ணன் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார். நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அண்ணன் தகட்டை வைத்தார். அது கோணலாக உட்கார்ந்தது. சரிசெய்யக் கையை உள்ளே விட்டார். கால் அதற்குள் பெடல் மேல் ஏறிவிட்டது.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியவில்லை. காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவர் ஸ்டூலோடு சாய்ந்து விழுந்தார். இரும்பு தகட்டின் மேல் மட்டும் இறங்கியது.

"நீ யாரும்மா?" என்றார் ஆபீசர்.

"பேக்கிங் ஹெல்ப்பர் சார்" என்று சூப்பர்வைசர் முந்திக்கொண்டார்.

"இல்ல சார்" என்றேன். "இது என் மெஷின். மூணு வருஷமா நான்தான் ஓட்றேன். சம்பளம் மட்டும் அவருக்கு."

ஆபீசர் எழுதிக்கொண்டார். அவர் எழுதியதை அழிக்க யாராலும் முடியவில்லை. அடுத்த மாதம் நான் ஆபரேட்டர் ஆனேன், அண்ணன் சம்பளம் ஸ்டோர்ஸ் கிரேடுக்கு இறங்கியது. அவர் கையைக் காப்பாற்றினேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர் பிழைப்பைக் கெடுத்தேன் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸில் அவரையும் அவர் மனைவியையும் பார்த்தேன். அந்த அம்மா எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக் காசைப் புடுங்கிகினியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

"அது உங்க வூட்டுக் காசு இல்லக்கா. என்னோடது" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அண்ணன் இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் மேல் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார்.