ராணி ஏன் திரும்பி வந்தாள்

என் மாயாஜால நாவலைத் தொலைக்காட்சித் தொடராக்க வந்த அந்த இயக்குநர், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பிறர் பேசுவதைக் கேட்பார். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலும் அப்படித்தான் கவிழ்த்தார்.

“தம்பி, பாதியில செத்த ராணி கடைசியில எப்படி வர்றா? பெரிய ஓட்டை லா.”

“அது என் தங்கச்சிண்ணே. கிள்ளான் ஆஸ்பத்திரியில ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் கேட்டுக்கிட்டே போயிட்டா. கதையிலயும் அவள விட மனசு வரல.”

அவர் அழுதுவிட்டார்.

தொடரின் முதல் காட்சியிலேயே ஆஸ்பத்திரிக் கட்டில். ஒரு பெண் ஐஸ் கச்சாங் கேட்டபடி செத்தாள். அவள் அண்ணன் அவளை ராணியாக்கிக் கதை எழுதத் தொடங்கினான். ஓட்டை கச்சிதமாக அடைபட்டிருந்தது.

பக்கத்திலிருந்த அம்மா தொலைக்காட்சியை அணைத்தார். “இத ஏண்டா வெளியாளுகிட்ட சொன்ன?”

அன்று கடையில் இயக்குநர் அழுவதுபோல் நடித்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். நிஜமாகத்தான் அழுதார்.