கடித்துச் சிரி

முதலில் வாளி வந்தது. அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

பர்பாங்க் ஸ்டூடியோவின் ஒன்பதாம் கூடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை போட்டு, விளக்கெல்லாம் கட்டி முடித்திருந்தார்கள். செட் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஓஸி பாரியென்டோஸ், ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் புதுப் பையை விரித்து, கேமரா கண்ணுக்குப் படாதபடி கொரின் ஹேலின் நாற்காலிக் காலருகே வைத்தான். சாப்பிடுகிற காட்சியை இருபது முப்பது தடவை எடுப்பார்கள். எந்த வயிறு அத்தனையையும் தாங்கும்? ஒவ்வொரு தடவையும் 'கட்' என்றதும் வாயில் இருப்பதை அந்த வாளியில் துப்பிவிட வேண்டும். வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து நாக்கில் எச்சில் ஊறப் பார்ப்பவர்களுக்கு வாளி தெரியாது. தெரியாதவரைக்கும் அவர்கள் பாக்கியசாலிகள்.

"உன் சிம்மாசனம் ரெடி, ராணியம்மா. வாளியக் கழுவித்தான் வச்சிருக்கேன்" என்றான் ஓஸி.

"யோவ், போன தடவையும் இதத்தான் சொன்ன. உள்ள யாரோ தின்ன சோளம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"அது உன் சோளம்தான். நல்லா யோசிச்சுப் பாரு."

இருபத்தைந்து வருஷமாக இவர்கள் இப்படித்தான். ஆனால் அன்று கொரினுக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் வைத்திருந்த தாளை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அந்தத் தாளில் பத்தொன்பது வரி வசனம் இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவளுக்குக் கேமரா முன் கிடைத்த முதல் முழுப் பேச்சு.

அவள் பிறந்தது அயோவா மாநிலத்தில் சீடர் ராபிட்ஸ் ஊரில், கொரின் ஹிளாடிக்காக. அப்பா ஓட்ஸ் ஆலையில் மூட்டை ஏற்றினார். இருபத்தொரு வயதில் ஒரு பெட்டியோடு பஸ் ஏறி லாஸ் ஏஞ்சலஸ் வந்தாள். முதல் ஏஜெண்ட் அவள் பெயரைக் கேட்டுவிட்டு, ஏதோ கெட்டுப்போனதை மோந்தவன்போல மூக்கைச் சுளித்து, அங்கேயே ஹேல் என்று மாற்றினான். ஒரு சினிமாவில் ஏழாவது நிமிஷத்தில் கொலையானாள். இன்னொன்றில் நாலு நாள் நடித்தாள். தியேட்டரில் போய்ப் பார்த்தால் அவள் தோள் மட்டும் இருந்தது. தோளைப் பார்க்க டிக்கெட் வாங்கிய நடிகை அந்த ஊரில் அவள் ஒருத்தி மட்டும் இல்லைதான். அதில் என்ன ஆறுதல்?

பிறகு விளம்பரங்கள். அந்தத் தொழிலில் அவள் செய்த வேலைக்குப் பெயரே 'கடித்துச் சிரி' என்பதுதான். கடிக்க வேண்டும், இரண்டு தடவை மெல்ல வேண்டும், உடனே சிரிக்க வேண்டும். காய்கறிகள் மேலே தெரிவதற்காக அடியில் கோலிக்குண்டு போட்ட ஆறிப்போன சூப்பைக் குடித்துச் சிரித்தாள். விளக்குச் சூட்டில் ஐஸ்கிரீம் உருகும் என்று சாயம் கலந்த உருளைக்கிழங்கு மசியலைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார்கள். அதற்கும் சிரித்தாள். ஒரு தடவை நாய் பிஸ்கட்டை நாய் மோந்துவிட்டு வேண்டாம் என்று போய்விட, ருசியாக இருப்பதாகக் காட்ட அவளையே ஒரு கடி கடிக்கச் சொன்னார்கள். நாய்க்கு இருந்த மானம் நமக்கில்லையே என்று அன்று முழுக்க வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.

கல்யாணமும் ஒன்று நடந்தது. அவர் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு பார்த்தவர், வால்ட்டர் என்று பெயர். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாய் உள்ளே போனதும் அவள் உதட்டோரம் தானாக மேலே ஏறும். "இப்ப யாரப் பாத்துடி சிரிக்கிற? இங்க கேமரா எங்க இருக்கு?" என்று ஆரம்பத்தில் வேடிக்கையாகக் கேட்டார். நாலாவது வருஷம் வேடிக்கை போய்விட்டது. அதற்கடுத்த வருஷம் வால்ட்டரும் போய்விட்டார்.

அப்புறம் டி.வி. தொடர்கள். நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, "ஜட்ஜ் உங்களக் கூப்பிடறாங்க" என்று சொல்லும் குமாஸ்தா. எப்போதும் மூன்று வாக்கியத்துக்குள் முடிந்துவிடும். ஐம்பத்தொன்பது வயதில்தான் இப்போதைய ஏஜெண்ட் லீலண்ட் ஃபிஷ் இந்த வேஷத்தைப் பிடித்துக் கொடுத்தான். ஒரு தாய், வளர்ந்த மகனோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் அப்பா உன்னை அடித்த ராத்திரிகளில் நான் பக்கத்து அறையில் விழித்துத்தான் இருந்தேன், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ரேடியோவைச் சத்தமாக வைத்தேன் என்று முதல்தடவையாக வாய் திறக்கிறாள்.

அவள் முகத்தை நெருக்கத்தில் எடுக்கும் ஷாட் நன்றாக அமைந்தால் பேச்சு முழுவதும் அவள் முகத்தோடு வரும். இல்லாவிட்டால் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே கதாநாயகனின் முகத்தை ஒட்டிவிடுவார்கள். மறுபடியும் தோள். அறுபதை நெருங்கும் நடிகைக்கு இன்னொரு பத்தொன்பது வரி எங்கிருந்து வரும்?

மகனாக நடித்தவன் ட்ரென்ட் ஆஸ்குட். தொடரின் நாயகன், வயது இருபத்தெட்டு. வந்ததும் ஓஸி அவனுக்கென்று கொண்டுவந்த வாளியைக் காலால் தள்ளித் திருப்பி அனுப்பினான்.

"இதெல்லாம் எனக்கு வேணாம்ப்பா. நான் நெஜமாவே சாப்புடுறவன். பொய்யா மென்னா மூஞ்சில தெரிஞ்சிரும்."

தட்டில் மீட்லோஃப் இருந்தது. அரைத்த மாட்டிறைச்சியை ரொட்டித்தூளோடு பிசைந்து அச்சில் சுட்டது. காலை ஆறு மணிக்குச் சுட்டு, பளபளப்புக்காக எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். குழம்பு மேலே தோல் கட்டியிருந்தது.

"தம்பி, முதல் ஷாட்ல எத்தன வாய் எடுக்கறியோ, சாயந்திரம் வரைக்கும் அத்தன வாய் எடுக்கணும். பட்டாணிய உருட்டிக்கிட்டு இரு, போதும்" என்றாள் கொரின்.

"நீங்க உருட்டுங்கம்மா. எனக்கு உண்மை முக்கியம்."

உண்மையாம்! எண்ணெய் தடவிய இறைச்சிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு.

முதலில் எல்லோரும் தெரியும்படி அகல ஷாட் எடுத்தார்கள். ட்ரென்ட் ஆறு வாய் அள்ளிப் போட்டான். கொரினிடம் டைரக்டர் டேல், "நீங்களும் ஒரு வாயாவது எடுங்க, கொரின். சாப்பாட்டு மேசைதானே?" என்றான். 'கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்' என்ற வரிக்குச் சற்று முன்னால் சின்னதாக ஒரு கடி கடித்தாள். ஷாட்டுக்கு ஷாட் கை, கண், கரண்டி எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஐரிஸ் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். குறித்தால் குறித்ததுதான். இனி எந்தக் கோணத்தில் எடுத்தாலும் அந்தக் கடி அந்த இடத்தில் இருந்தாக வேண்டும்.

அடுத்தது ட்ரென்டின் நெருக்க ஷாட். கேமராவில் தெரியாவிட்டாலும் எதிராளி கேமரா பக்கத்தில் உட்கார்ந்து தன் வசனத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது இந்தத் தொழிலின் மரியாதை. கொரின் பதினேழு தடவை உட்கார்ந்து, பத்தொன்பது வரியையும் ஒன்றுகூட விழுங்காமல் சொன்னாள். பதினேழு தடவையும் அவன் ஆறு வாய் தின்றான். பத்தாவதில் அவன் உதடு வெளுத்தது. பதினேழாவதில் எழுந்தான், கொரினின் வாளியைப் பாய்ந்து பிடுங்கினான், தலையை உள்ளே விட்டான். உண்மை அத்தனையும் ஓக்காளத்தோடு வெளியே வந்தது. நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது.

"இன்னிக்கு என்னால முடியாது" என்று வாயைத் துடைத்துக்கொண்டு, ஓய்வெடுக்க ஸ்டூடியோ கொடுத்திருந்த தன் வண்டிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அடுத்து அவள் ஷாட்டுக்கு எதிரே உட்கார வேண்டிய முறை அவனுடையது.

டேல் கடிகாரத்தைப் பார்த்தான். "கொரின், அரை மணி இருக்கு. விளக்குக் கம்பத்துல ஒரு டேப் ஒட்டறேன். அதான் உங்க மகன்னு நெனச்சுக்குங்க. ஐரிஸ் வசனம் படிப்பா."

விளக்குக் கம்பத்தில் இரண்டு துண்டு வெள்ளை டேப்பைக் குறுக்காக ஒட்டினார்கள். கொரின் அதைப் பார்த்தாள். அவளுக்குக் குமட்டியது. இறைச்சி நாற்றமா, வாளி நாற்றமா, இல்லை முப்பத்தெட்டு வருஷமும் சேர்ந்து வீசியதா என்று பிரித்துச் சொல்ல முடியாத குமட்டல்.

"டேப்புகிட்ட நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். ஓஸி, நீ வந்து உக்காருய்யா."

"நானா? எனக்கு நடிக்கல்லாம் வராது, ராணியம்மா."

"நடிக்காத. சும்மா இரு. அதுதான் இங்க ஒருத்தனுக்கும் வரல."

ஓஸி வந்து உட்கார்ந்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். கேமரா ஓடியது.

கொரின் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. எந்த இடத்தில் என்று அவளுக்கே தெரியாமல் கரண்டி தட்டில் இறங்கியிருந்தது. இரண்டு கையும் மேசைமேல் விரிந்து கிடந்தன. அவள் முடித்த பிறகும் டேல் 'கட்' சொல்லவில்லை. மேலே விளக்குப் பரணில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஓஸி எதிரே பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐரிஸ்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். "டேல்... கடி இல்ல. கரண்டியும் கீழ இருக்கு. அகல ஷாட்ல கையில இருக்கு."

டேல் கண்ணை மூடிக்கொண்டான். "கொரின், இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. சத்தியமாச் சொல்றேன். ஆனா இது ஒட்டாது. இத வச்சா உங்க குரல் மேல ட்ரென்ட் மூஞ்சியத்தான் போட வேண்டியிருக்கும். இன்னொரு தடவ எடுக்க நேரம் இருக்கு. அந்த ஒரு கடியோட."

முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருநாளும் கரண்டியைத் தப்பான இடத்தில் வைக்காதவள். வைத்த அன்றுதான் மனுஷியாகப் பேசியிருக்கிறாள். அது குப்பைக்குப் போக வேண்டும், அல்லது அவள் முகம் போக வேண்டும்.

"தட்ட மாத்து, ஓஸி. கடிக்கிறேன்" என்றாள்.

கடித்தாள். ஜில்லென்ற கொழுப்பு நாக்கில் படிந்தது. இரண்டு மென்று, கன்னத்தில் ஒதுக்கி, "கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள். சொல்லும்போதே உதட்டோரம் ஏறுவது அவளுக்குத் தெரிந்தது. சூப்புக்கு ஏறியது, நாய் பிஸ்கட்டுக்கு ஏறியது, வால்ட்டரின் மேசையில் ஏறியது. பிள்ளை அடிபட்டதைச் சொல்லும்போதும் ஏறியது. இழுத்துப் பிடித்தாள். நிற்கவில்லை.

"கட்!" டேல் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டான். "அந்தச் சிரிப்பு! ஐயோ, முதுகு சில்லிட்டுப் போச்சு! எங்கருந்து புடிச்சீங்க?"

வாளி ட்ரென்டின் வாந்தியால் நிறைந்திருந்தது. கொரின் துப்ப இடமில்லாமல் வாயை மூடியபடி நின்றாள். ஓஸி ஒரு காகிதத் தட்டை நீட்டினான்.

ஒளிபரப்பானபோது பத்தொன்பது வரியும் அவள் முகத்தோடு வந்தன. ஒன்றும் வெட்டப்படவில்லை. பத்திரிகைகள் அவள் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்தன. 'ஈவிரக்கமில்லாத தாயின் சிரிப்பு' என்று ஒருவர் அரைப் பக்கம் எழுதினார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அந்தப் பத்திரிகையை அவள் குப்பைக் கூடையில் போட்டாள். லீலண்ட் தினம் போன் செய்தான்.

"கொரின், இன்னொரு அம்மா வேஷம். மருமகளுக்கு விஷம் வைக்கிறா. சாப்பாட்டு மேசைதான். அந்தச் சிரிப்புதான் வேணுமாம்."

விஷம் வைத்தாள். பிள்ளையைக் காட்டிக் கொடுத்தாள். அனாதை விடுதி நடத்திக் குழந்தைகளைப் பட்டினி போட்டு, அவர்கள் எதிரிலேயே கோழிக்காலைக் கடித்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு. அதை நடிப்பு என்று கும்பிடும் ஊரை நினைத்தால் அவளுக்குக் காறித் துப்பலாம்போல இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, வேறொரு கூடத்தில், வேறொரு மேசை. ஓஸி வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"யோவ், ஒண்ணு கேக்கறேன். மழுப்பாமச் சொல்லு. அன்னிக்கு ரெண்டு தடவ பேசினேன்ல?"

ஓஸி சுற்றுமுற்றும் பார்த்தான். "மொதத் தடவ நீ பேசறப்போ எங்கம்மா நெனப்பு வந்துச்சு. அன்னிக்கு வீட்டுக்குப் போயி அவங்களுக்குப் போன் பண்ணேன். ஆறு வருஷமாப் பேசாம இருந்தோம்."

"ரெண்டாந் தடவ?"

"ரெண்டாந் தடவ..." அவன் வாளிக்குள் பையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தான். "சூப் நெனப்பு வந்துச்சு, கொரின்."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. அவள் தலையை ஆட்டினாள். புது டைரக்டர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கை தட்டி, "எல்லாரும் ரெடியா? கொரின், கடிச்சதும் அந்தச் சிரிப்பு, மறந்துராதீங்க!" என்றான்.

அவள் கடித்தாள். இரண்டு மென்றாள். சிரித்தாள்.

'கட்' என்றதும் குனிந்து வாளியில் துப்பினாள். இறைச்சி விழுந்துவிட்டது. உதடு கீழே இறங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.