மனைவிக்கு என்று கேட்ட ஸ்கூட்டி

இன்று புத்தளத்தில் ஒரு பைக் கடைக்குப் போனேன்.

என் இடது முழங்கால் சரியாக மடங்காது. பைக்கில் கியர் மாற்றுவதோ இடது காலால். நாற்பத்திரண்டு வயதில் ஓட்டப் பழகப்போகிற எனக்கு, கியர் இல்லாத, உயரம் குறைந்த பதிவான ஸ்கூட்டிதான் தோது.

ஆனால் கரைத்தீவில், எங்கள் ஒழுங்கையில் ஸ்கூட்டி ஓட்டுவது பெண்கள்தான். கடைக்காரத் தம்பி என்னை அண்ணனாக்கி, "யாருக்கு நானா?" என்று கேட்டதும், "பொஞ்சாதிக்கு" என்று வாய் முந்திக்கொண்டது.

"இருக்கிறதுலயே பதிவானதக் காட்டுங்க" என்றேன்.

"ஏன் நானா, மதினி கட்டையா?"

"இல்ல, என்னளவுதான். இடது முழங்கால் மடங்காது."

"பாவம். கன காலமாவா?"

"சின்ன வயசுலேந்து."

வீட்டுக்கு அரிசி மூட்டையைத் தூக்கி வருகிறவளே அவள்தான். அவளுக்கு ஒரு நிமிடத்தில் என் காலை மாட்டிவிட்டேன்.

அவன் நீல நிற ஸ்கூட்டி ஒன்றைக் காட்டினான். "நாளைக்கு மதினியக் கூட்டி வாங்க. ஏறி இருந்து பாக்கட்டும்."

"ஓம்" என்றபடி வாசலுக்கு நடந்தேன்.

பின்னாலிருந்து அவன் குரல், மிக மெதுவாக: "நானா, படி உசரம். அந்த இடது காலப் பாத்து வைங்க."

திரும்பிப் பார்க்க முகம் இல்லை.

வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை. சொல்லுங்கள், நாளைக்கு நான் யாரைக் கூட்டிக்கொண்டு போவது?