என் கையில் நின்ற கவளம்

1930களின் தொடக்கத்தில் நான் ஆம்பூரில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். கணவனை இழந்த என் தங்கையை, உறவினர்களின் எதிர்ப்பை மீறி, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்த்திருந்தேன். அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் விடுதியில் பார்க்க விடுவார்கள். ஒரு ஞாயிறு அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வார்டில் ஒரு நோயாளியின் சீழ் பிடித்த காலுக்குத் தினமும் கட்டு மாற்றுகிறாளாம். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையை விட்டு அந்த வாடை போகவில்லையாம். சோற்றில் கை வைத்தாலே குமட்டுகிறதாம். வீட்டுக்குக் கூட்டிப் போய்விடச் சொன்னாள்.

அவள் பசி எனக்குத் தெரியவில்லை. உறவினர்கள் சிரிக்கப்போவதுதான் தெரிந்தது.

"நம்ம ஊரு தோல் ஷாப்புல, அந்த நாத்தத்துல தோல் பதப்படுத்துறவங்கல்லாம் சாப்பிடலியா? பாதியில வந்தீன்னா எனக்குத் தங்கச்சியே இல்லன்னு நெனச்சுக்குவேன்" என்றேன்.

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த ஞாயிறு கோபத்தில் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு போனேன். காவலாளி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து அவள் இல்லை என்றார். வார்டில் இருக்கிறாளா என்றதற்கும் இல்லை என்றார். எங்கே போனாள் என்பது தெரியாதாம்.

கோட்டை அகழி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கூடவே அந்தத் தலையாட்டலும். லாங் பஜார் கடைத்தெருவில் கைவண்டிகளில் இடித்துக்கொண்டு ஓடினேன். அகழிக்கரை நெடுகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஓரிடத்தில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காற்றில் அது கரைப்பக்கம் ஒதுங்கியதும்தான் பழைய வேட்டி என்று தெரிந்தது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவரிடம், ஒரு பெண் இந்தப் பக்கம் வந்தாளா என்று கேட்கப் பயந்து நகர்ந்துவிட்டேன்.

மறுபடியும் விடுதிக்கே ஓடினேன். என் கோலத்தைப் பார்த்துப் பயந்த காவலாளி, உள்ளேயிருந்து ஒரு மாணவியைக் கூட்டிவந்தார். எங்கள் ஊர்த் தோல் ஷாப்புத் தொழிலாளி ஒருவரின் மகள் அவள்.

"உள்ளதான் இருக்குது சார். நாங்கதான் இல்லன்னு சொல்லச் சொன்னோம். அன்னிக்கு நீங்க வந்துட்டுப் போனதுக்கப்பறம் ரெண்டு நாளு அதுக்குப் பச்சத்தண்ணிகூட எறங்கல."

அவள் பின்னால் போனேன். சமையல்கட்டுக்குப் பின்புறம் மூன்று பெண்களுக்கு நடுவே தங்கை உட்கார்ந்திருந்தாள். கையில் அந்த வாடையோடு அவர்கள் எல்லோருமே அவதிப்பட்டவர்களாம். அதனால் வேளைக்கு ஒருத்தியாக அவளுக்கு ஊட்டிவிடுகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் கையால் எங்கள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கமாட்டோம்.

என்னைக் கூட்டிவந்த பெண் தட்டை எடுத்துக்கொண்டாள். "வாயத் தொற. எனக்கு இந்த வாடை போக ஒரு மாசம் ஆச்சு. நீ வாத்தியார் வூட்டுப் பொண்ணாச்சே, சீக்கிரம் பாஸ் பண்ணிடுவ."

தங்கை சிரித்தாள். நான் குனிந்து தட்டிலிருந்து ஒரு கவளம் உருட்டி நீட்டினேன். அவள் என் கையை மெல்ல விலக்கினாள்.

"வேணாண்ணா. அவங்களே குடுக்கட்டும்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

அவள் படித்து முடித்து, பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். இப்போது எனக்குக் கை நடுக்கம். சோறு வாய்க்குப் போவதற்குள் சிந்திவிடுகிறது. அவள்தான் ஊட்டிவிடுகிறாள். ஒவ்வொரு வாய் வாங்கும்போதும், அன்று என் கையிலேயே நின்றுபோன அந்தக் கவளத்தையும் சேர்த்து விழுங்குகிறேன்.