பெருசுக்கு நாலு வெள்ளோட்டம்

மோட்டார் சைக்கிள் கடையில வேல பாக்குறவனுக்கு வண்டியால ஒரு தொந்தரவும் கெடையாது, வாங்க வர்ற உங்களாலதான்.

சிரிக்காதீக, உங்களத்தான் சொல்றேன். சைக்கிள் வச்சிருந்த வரைக்கும் சும்மாதான் இருந்தீக. எவனோ ஒருத்தன் சின்ன மோட்டார் சைக்கிள்ல பட்டுபட்டுன்னு போறதப் பாத்துட்டு அத வாங்குனீக. வாங்கி வருசம் திரும்பல, "தம்பி, இது ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது, பெருசா ஒண்ணு காட்டு"ன்னு வந்து நிக்கிறீக. காட்டுனா ஒடனே எடுத்துருவீகளாக்கும். சுத்திச் சுத்தி வருவீக, பெட்ரோல் டாங்கியத் தட்டிப் பாப்பீக, மேல ஏறி உக்காந்து வாயாலயே நாலு மைலு ஓட்டுவீக, கடைசியில "வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்"னு போயிருவீக. நானும் மதுரையில ஒரு கடையில இதே மாதிரி ஏறி உக்காந்து பாத்துட்டு வாங்காம வந்தவன்தான். அதனால உங்க மேல கோவம் இல்ல.

நான் உத்தமபாளையத்துல நாலாம் பாரத்தோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அப்புறம் பருத்தி அரவை மில்லுல எட்டு மாசம், பஸ்ஸுல டிக்கெட்டுக் கிழிக்க மூணு மாசம். எதுலயும் காலு தரிக்கல. தேனி ரயிலடிக்குப் பக்கத்துல இருக்குற மோட்டார் கடையிலதான் ஒரு வருசத்தத் தாண்டுனேன். அதுக்குக் காரணம் பெருசு. மலை மேல இருந்த எஸ்டேட்டுத் தொர ஒருத்தரு சீமைக்குப் போறப்ப எங்க மொதலாளி தலையில கட்டிட்டுப் போன வண்டி. எருமக்கிடா கணக்கா ஒரு எஞ்சின், கன்னங்கரேல்னு டாங்கி. வாங்க வர்றவுகளுக்கு அத வெள்ளோட்டம் விட்டுக் காட்டுறது என் வேல. இப்பிடி ஒரு வேலைக்கு நான் சம்பளம் குடுத்துச் சேந்திருப்பேன், அவுக குடுத்தாக.

நல்லாப் போயிக்கிட்டிருந்தப்ப ஒரு நாளு மொதலாளி சொல்லிட்டாக: "வீரபாண்டித் திருவிழாவுக்குள்ள பெருச வித்தாகணும். இல்லாட்டி அது மதுரைக்கு, நீ ஒங்கப்பன்கிட்ட." எங்கப்பாவுக்கு வெத்தலக் கொடிக்கால். அங்கன எனக்காக ஒரு மம்பட்டி காத்துக்கிட்டு இருந்துச்சு.

பல்லு

மொத ஆளா வந்தாக மயிலாடும்பாறை பெருமாளய்யா. நல்ல சம்சாரி. மாட்டுத் தாவணியில அவுக ஒரு மாட்டத் தொட்டுட்டாப் பக்கத்து ஆளு வெல கேக்க மாட்டான், அம்புட்டுக் கைராசி. பெருசச் சுத்தி மூணு சுத்து வந்தாக. டாங்கியத் தடவி ஏதாச்சும் கெட்ட சுழி இருக்கான்னு பாத்தாக. பின்னாடி குனிஞ்சு, வாலு இருக்க வேண்டிய எடத்தையும் பாத்தாக.

"பல்லு எத்தன தம்பி?"ன்னு கேட்டாக. மாட்டுக்குப் பல்ல வச்சுத்தான் வயசுன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் இருந்த வேகத்துல, பின்னாடி சங்கிலி மாட்டுற பல்லுச் சக்கரத்தக் காட்டி, "எண்ணிப் பாருங்கய்யா, சரியா நாப்பது பல்லு, ஒண்ணு கூடத் தேயல"ன்னு பெருமையாச் சொல்லிப்புட்டேன். அவுக நிமுந்து, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு என்னையப் பாத்தாக.

"எட்டுப் பல்லு மொளச்சதையே நான் ஏறெடுத்துப் பாக்க மாட்டேன். நாப்பது பல்லுக் கெழட்ட எங்கிட்டத் தள்ளப் பாக்குறியேப்பா."

கமலை

போன மனுசன் அடுத்த வாரமே திரும்பி வந்தாக. மகன் வெளக்கிச் சொல்லியிருப்பான் போல. "எதையும் பூட்டிப் பாத்துட்டுத்தான் வாங்குறது எங்க வழக்கம்"னாக. சரி, ரோட்டுல ஓட்டிப் பாக்கத்தான் சொல்றாகன்னு நெனச்சு பெருச அவுக தோட்டத்துக்கே ஓட்டிட்டுப் போனேன். போனா, கெணத்துல மாட்டக் கட்டித் தண்ணி எறைக்கிற கமலை வடம் தயாரா இருக்கு. மாட்ட அவுத்துக் கட்டிட்டு, வடத்த என் வண்டிக் கேரியர்ல கட்டிட்டாக. ஊரே வரப்புல வந்து உக்காந்திருக்கு.

நானும் சவடாலுக்குக் கொறச்சல் இல்லாத ஆளு. மிதிச்சேன், கெளப்புனேன், கமலைச் சரிவுல எறங்குனேன். தண்ணிச் சால் சரசரன்னு மேல வந்து, வந்த வேகத்துல தண்ணியப் பூராம் பெருமாளய்யா மேலயே கொட்டுச்சு. அவுக சந்தோசமாத்தான் இருந்தாக. மொகத்தத் தொடச்சுக்கிட்டு, "இழுவை பரவால்ல. இப்பப் பின்னால வா"ன்னாக. கமலை மாடு எறங்கி இழுத்துட்டு, அப்பிடியே பின்னாடி நடந்து மேல வரணும், அப்பத்தான் சால் திரும்பக் கெணத்துல எறங்கும். எந்த மோட்டார் சைக்கிளு பின்னாடி நடக்குது? நாலு ஆளு சேந்து தள்ளு தள்ளுன்னு தள்ளி, பெருச மேல கொண்டாந்து சேத்தாக. ஒரு சாலுக்கே நாலு பேருக்கும் நாக்குத் தள்ளிருச்சு. பெருமாளய்யா வடத்த அவுத்து என் கையில குடுத்துட்டாக.

"முன்னால போக நீ ஒருத்தன், பின்னால தள்ள நாலு பேரு. அங்கன பாரு தம்பி, என் மாடு ரெண்டும் அச போடுறத நிப்பாட்டிட்டு ஒன்னையத்தான் பாக்குது."

நிப்பாட்ட ஆளு வேணும்

அடுத்தாப்புல சுருளிப்பட்டி மைனரு. பட்டுச் சட்ட, மல்லு வேட்டி, செண்டு வாசம். சின்ன வண்டி வச்சிருக்காரு, நல்லாவும் ஓட்டுவாரு. பெருசுல ஏறி உக்காந்தா மட்டும் காலு ரெண்டும் தரைக்கு ஒரு சாண் மேல நிக்குது. "கொஞ்சம் சின்ன வண்டியே பாக்கலாமே மைனர்"னு பதமாச் சொன்னேன். அவரு கேக்கல. கூட வந்த ரெண்டு பேர ஆளுக்கொரு பக்கம் புடிக்கச் சொல்லிக் கெளம்பிட்டாரு.

கெளம்புன அழகு கண்ணுக்குள்ளயே நிக்குது. ரயிலடியச் சுத்தி, சந்தையச் சுத்தி, திரும்பக் கடை வாசலுக்கு வந்தாரு. புடிக்க வேண்டிய ரெண்டு பேரும் காப்பி கிளப்புக்குப் போயிட்டாக. "வண்டி அருமை"ன்னுட்டு நிக்காமப் போனாரு. ரெண்டாஞ் சுத்துல, "நம்ம ஆளுக எங்க"ன்னுட்டுப் போனாரு. மூணாஞ் சுத்துல ஒத்தக் கையத் தூக்கிக் கும்பிட்டுக்கிட்டே போனாரு. வேகத்தக் கொறைக்கிறதுக்காகக் கிளச்ச அர கொறையாப் புடிச்சுக்கிட்டே சுத்துனதுல கருகுன நாத்தம் தெருப் பூராம் அடிக்குது. ஏழாவது சுத்துல நானும் கூடவே ஓடிப் போயி, ஆளையும் வண்டியையும் சேத்து ஒரு பருத்திப் பொதியில சாச்சேன். தலையெல்லாம் பஞ்சா எந்திரிச்சவரு, நிதானமாத்தான் பேசுனாரு.

"ஓட்டுறதுக்கு நான் போதும். நிப்பாட்டுறதுக்குத்தான் ஊருக்கு ஊரு ரெண்டு ஆளு போட்டு வைக்கணும் போல."

இருமல் மருந்துக் கார்க்கு

அந்த ஏழு சுத்துல பெருசோட கிளச்சு போயிருச்சு. கிளச்சுத் தட்டுல சின்னச் சின்னதாக் கார்க்கு பதிச்சிருக்கும், அதுதான் எஞ்சினோட பலத்தப் புடிச்சுச் சக்கரத்துக்குக் குடுக்கும். அது கருகுனா எஞ்சின் கத்தும், வண்டி நகராது. மெட்ராசுல இருந்து சாமான் வரணும்னா ஒரு மாசம் ஆகும். திருவிழாவுக்கு மூணு வாரந்தான் கெடந்துச்சு.

நான் நேரா ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்கிட்டப் போயி, மருந்துப் பாட்டிலு கார்க்கா ஒரு பை நெறைய வாங்கிட்டு வந்தேன். வெந்நியில ஊறப் போட்டு, ஒண்ணொண்ணாச் செதுக்கி, தட்டுல அடிச்சு எறக்கி, அரம் போட்டுச் சமம் பண்ணேன். மூணு நாளு ஆச்சு. விரல்ல தோலு இல்ல. நான் வாழ்க்கையில ஆரம்பிச்சு முடிச்ச மொத வேல அதுதான். மொதலாளி தட்டத் தடவிப் பாத்துட்டு, "ஏத்தத்துல இது வழுக்குச்சுன்னா நீ கொடிக்காலுக்குத்தான்"னு திரும்பவும் ஒரு தடவ ஞாபகப்படுத்துனாக. சாயங்காலம் கம்பவுண்டர் எட்டிப் பாத்தாரு. அவராச்சும் நல்லதா ஒண்ணு சொல்லுவாருன்னு பாத்தேன்.

"அம்புட்டும் இருமல் மருந்துப் பாட்டிலுதுப்பா. வழியில இருமுச்சுன்னா எங்கிட்டக் கூட்டியாராத."

ஆண்டிபட்டி ஏத்தம்

திருவிழாவுக்கு ஆறு நாளு இருக்கப்ப வந்தாக சூசை வாத்தியார், கூட அவுக சம்சாரம் அருளாயியக்கா. மலையடிவாரத்துல ஒரு மிசன் பள்ளிக்கூடத்துல வாத்தியார். ஞாயித்துக்கெழமையானா ரெண்டு பேரும் மலையேறி, எஸ்டேட்டுச் சனங்களுக்குச் செபம் சொல்லிட்டு வருவாக. வாத்தியார் செபம், அக்கா பாட்டு. அவுக வச்சிருந்தது சின்ன வண்டி. அது ஏத்தத்தக் கண்டதும் மூச்சு வாங்கும். அக்கா எறங்கி நடக்கணும், வாத்தியார் மேல போயி வண்டியோட காத்திருக்கணும். ஆறு வருசமா இதே கதைதான். "ரெண்டு பேரும் உக்காந்தமானிக்கி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறணும் தம்பி. ஏறுச்சுன்னா எடுத்துக்கிறேன்"னாக வாத்தியார்.

பெருசுல அவுக ரெண்டு பேரும், அவுக வண்டியில பின்னாடி நானும் போனோம். கணவாய்க்குக் கீழ ஏத்தம் ஆரம்பிக்கிற எடத்துல வாத்தியார் கியரு மாத்துறதுக்காக வண்டிய நிக்கிற மாதிரி மெதுவாக்குனாக. அக்கா எறங்கிட்டாக. வாத்தியாருக்குத் தெரியல. எஞ்சின் போட்ட சத்தத்துல அவுகளுக்கு என்ன கேக்கப் போகுது. கொடி கட்டுன தேரு மாதிரி மேல போயிட்டாக.

நான் மேல போயிச் சேந்தப்ப வாத்தியார் பெருசுல உக்காந்தமானிக்கி, முன்னாடி பாத்தே பேசிக்கிட்டிருந்தாக. "பாத்தியா அருளாயி, ரெண்டு பேர வச்சுக்கிட்டு ஒரு முக்கல் மொனகல் உண்டா? நீ என்னமோ சந்தேகப்பட்டியே." நான் தொண்டையச் செருமிக்கிட்டு, "அக்கா கீழ வந்துக்கிட்டிருக்காக சார்"னேன். திரும்பிப் பாத்தாக. கேரியர் காலியா இருந்துச்சு. அப்புறம் வாத்தியாரே சிரிச்சுட்டாக. "ஆறு வருசப் பழக்கம் தம்பி. ஏத்தத்தக் கண்டா அவ காலு தன்னால எறங்கிருது"ன்னாக. அக்கா வேர்த்து ஊத்த வந்து சேந்து, மைல்கல்லுல உக்காந்து முந்தானையால விசிறிக்கிட்டாக.

"வண்டி நல்லாத்தாங்க ஏறிருச்சு. நாந்தான் ஏறல."

இன்னொரு தடவ

வாத்தியார் அப்பயே வாங்க ரெடி. பெருசு ஏறுன வேகத்துல அவுக மயங்கிப் போயிருந்தாக. "ஒன் ஒருத்தி கனம் என்ன பெரிய கனம் அருளாயி, அதெல்லாம் இழுத்துரும்"னாக. நானும் சும்மா இருக்கல. "இழுத்துரும் சார், வாங்க, கடையில போயிப் பேசிக்கிருவோம்"னேன். அக்கா எந்திரிக்கல. "யாரு உக்காந்து ஏறுறதுக்காக வாங்குறோம்? நானும் உக்காந்து ஏறணும். இல்லாட்டி பழைய வண்டியே போதும், நடக்கத்தான் நல்லாப் பழகியாச்சே"ன்னாக. திரும்பக் கீழ எறங்குனோம்.

அக்கா என்னைய ஒரு பார்வ பாத்துட்டு ஏறி உக்காந்தாக. நான் பின்னாடி மூக்கத் தூக்கி மோந்துக்கிட்டே போறேன். கருகுன வாசம் வந்தா அது என் மூணு நாளு வேலையும் போச்சுங்கிற வாசம். மொத வளைவு போச்சு. ரெண்டாவது வளைவுல பருத்தி ஏத்துன மாட்டு வண்டி ஒண்ணு ரோட்ட அடைச்சுக்கிட்டு நிக்கிது. வாத்தியார் ஏத்தத்துல வச்சே கிளச்ச அர கொறையாப் புடிச்சாக. கார்க்கு வழுக்குறதா இருந்தா அந்த எடத்துலதான் வழுக்கணும். எஞ்சின் ஒரு உறுமு உறுமுச்சு. நான் மூக்க இன்னும் ஒரு சாண் நீட்டுனேன். மாட்டு வண்டி ஒதுங்குச்சு, கிளச்ச விட்டாக, சக்கரம் கப்புன்னு மண்ணக் கவ்விக்கிட்டு ஏறுச்சு. ஒரு வாசமும் வரல, பெட்ரோல் வாசத்தத் தவிர.

கணவாய் மேல வாத்தியார் வண்டிய நிப்பாட்டி, "எறங்கு அருளாயி, மேல வந்தாச்சு"ன்னாக. அக்கா கேரியர் கம்பியப் புடிச்ச கைய விடல.

"ஆறு வருசமா எறங்குனது போதுங்க. இன்னைக்கு எறங்குறதா இல்ல, அப்பிடியே வீட்டுக்கு விடுங்க."

பெருசு அவுக வீட்டுக்குப் போயிருச்சு, நான் கடையில தங்கிட்டேன், மொதலாளி இப்பக் கிளச்சு வேலன்னா என்னையத்தான் கூப்புடுறாக. வாத்தியார் இன்னைக்கும் போற எடமெல்லாம், ஏத்தத்தக் கண்டதும் தன்னால எறங்குன சம்சாரத்தப் பத்திச் சொல்லிச் சிரிக்கிறாக, அக்காவும் மறுத்துப் பேசாமக் கூடச் சேந்து சிரிக்கிறாக. நெசத்தச் சொல்றேன், அக்கா பழக்கத்துல எறங்கல, நான் போட்ட கார்க்க நானே நம்பாம, "அக்கா, சித்த எறங்கிக்கிருங்க"ன்னு பின்னாடியிருந்து சொல்லி எறக்கி விட்டவன் நாந்தான்.