ஜெசிந்தா மிஸ் விட்டுப்போன குறிப்புகள்

ஆங்கிலம் படிப்பிப்பவனுக்குச் சொந்த எழுத்து என்று ஒன்று மிஞ்சுவதில்லை. ஆயுள் முழுக்க மற்றவர்கள் எழுதியதன் ஓரத்தில்தான் அவன் எழுதுகிறான். கட்டுரை திருத்திக் கண் கெட்ட வாசகர்கள் யாராவது இருந்தால் கிட்ட வந்து இருங்கள், உங்களுக்குத்தான் இது விளங்கும்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் பதினெட்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். முன்பென்றால் ஒரு பரீட்சை, மூன்று மணித்தியாலம், விஷயம் முடிந்தது. இப்போது போர்ட்ஃபோலியோ. ஒவ்வொரு மாணவருக்கும் கணினியில் ஒரு கோப்பு. கட்டுரையின் முதற்பிரதி, திருத்திய பிரதி, பேசிப் பதிந்த ஒலி எல்லாவற்றையும் மூன்று மாதத் தவணை முழுக்க அதில் போட்டு வைப்பார்கள். எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து இரண்டு பேர் புள்ளி போட வேண்டும். ஒருவன் நான். மற்றவர் நகரின் மறுகோடி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஜெசிந்தா மிஸ். இரண்டு வருடத்துக்கு முன் தாயையும் கூட்டிக்கொண்டு கனடாவிலிருக்கும் தம்பியிடம் போய்விட்டார். போன மாதம் ஓர் அறிவித்தல் வந்தது: வேலையை விட்டுப் போனவர்களின் கணினிக் கணக்குகள் பாவனையில் இல்லாவிட்டால் மூடப்படும். மூடினால் மிஸ் அதில் எழுதி வைத்த அத்தனையும் போய்விடும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிழையான பிரதி

போர்ட்ஃபோலியோ வந்த முதல் வருடம், ரிஸ்வான் என்ற மாணவனின் கோப்பைப் பார்த்துப் பூரித்துப் போனேன். முதற்பிரதியில் வரிக்கு மூன்று பிழை. மூன்றாம் பிரதியில் ஒரு குறை சொல்ல ஏலாது. வளர்ச்சி என்றால் இதுதான் என்று முழுப் புள்ளி போட்டேன். ஜெசிந்தா மிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் கிழமையைக் காட்டினார். மூன்றாம் பிரதி செவ்வாய்க்கிழமை எழுதப்பட்டிருந்தது. முதற்பிரதி அதற்குப் பிந்தின வியாழக்கிழமை.

கூப்பிட்டு விசாரித்தோம். வளர்ச்சிக்குத்தான் புள்ளி என்று நாங்கள் சொன்னதால், நல்ல கட்டுரையை முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு குந்தியிருந்து அதைக் கெடுத்திருக்கிறான். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தானாம். நான் ஏசத் தொடங்க முன்னமே மிஸ் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் என் கோபம் நிலைக்காது. ரிஸ்வான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: “நல்லா எழுதுறது லேசு சேர். பிழையா எழுதத்தான் ரெண்டு நாள் போச்சு.”

ரெயில் போகும்வரை

தர்ஷிகா என்ற மாணவியின் ஒலிப்பதிவில், பேச்சின் நடுவே அரை நிமிடம் அவள் குரலில்லை. ‘தேவையற்ற இடைவெளி’ என்று புள்ளியைக் குறைத்தேன். மிஸ் ஹெட்ஃபோனை வாங்கிப் போட்டுக் கேட்டார். “பின்னால ரெயில் போகுது சேர்” என்றார். ரெயில் பாதையை ஒட்டிய எங்கள் கடற்கரைத் தெருக்களில், ஒழுங்கைகளில் ரெயில் வந்தால் கதையை அப்படியே நிறுத்துவோம். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது கேட்கவில்லை, கொட்டாஞ்சேனைக்காரிக்குக் கேட்டது. குறைத்த புள்ளியைத் திருப்பிப் போட்டேன்.

மிஸ் கனடாவுக்குப் போவதற்கு முந்தின கிழமை, வேலை முடிந்து இரண்டு பேரும் கடற்கரைப் பக்கம் நடந்தோம். போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ரெயில் வந்தது. பேசாமல் நின்றோம். கடைசிப் பெட்டியும் போன பிறகு, விட்ட சொல்லிலிருந்து தொடங்காமல், கொட்டாஞ்சேனைக்கு இந்த நேரத்தில் பஸ் இருக்குமா என்று கேட்டேன். மிஸ் என் பக்கம் திரும்பினார். “இதைக் கேக்கத்தானா சேர் இவ்வளவு நேரம் நிண்டனீங்க?”

இரண்டும் ஒரே ஆளா

திருத்துகிறவர் அடிக்கடி எழுதும் குறிப்புகளைக் கணினியில் சேமித்து வைக்கலாம். ஒருமுறை தட்டினால் கட்டுரையின் ஓரத்தில் வந்து விழும். என் சேமிப்பில் மூன்றே மூன்று: தெளிவில்லை, ஆதாரம் எங்கே, திரும்ப எழுது. மிஸ்ஸின் சேமிப்போ திரையில் கீழே இறங்க இறங்க முடியாது. ‘இந்த வரியில்தான் உன் குரல் கேட்கிறது.’ ‘இதுவரை சுற்றி வந்துவிட்டாய், இனிச் சொல்.’ ஆங்கிலத்தில்தான் எழுதியிருப்பார், தமிழில் இப்படி வரும். இந்த இரண்டாவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்காகவே எழுதினாரோ என்று தோன்றும்.

ஒருவர் சேமித்ததை மற்றவரும் பாவிக்கலாம். அவர் போன பிறகு நான் அவருடைய வரிகளையே தட்டத் தொடங்கினேன். நேரம் மிச்சம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த வரி திரையில் விழுந்தால், அவர் எதிர் மேசையில் இருப்பதுபோல் இருக்கும். வகுப்பில் என் குணம் மாறவில்லை, அதனால்தான் மாட்டிக்கொண்டேன். ஒருநாள் முன்வரிசை வாங்கில் இருக்கும் மாணவி ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: “நேரில ஏசுறீங்க சேர், ஃபைலில மட்டும் அன்பாக் கதைக்கிறீங்க. ரெண்டும் ஒரே ஆளா?”

கடைசியாகப் பாவித்தது

கணினிப் பிரிவில் இருப்பவர் பஸ்லினா. அறிவித்தல் வந்த அன்றே ஓடிப்போய்க் கெஞ்சினேன். ஒரு வருடம் யாரும் பாவிக்காத கணக்கை வைத்திருக்க முடியாது, அது சட்டம் என்றார். இரண்டாம் முறை மீன் வைத்துச் சுட்ட பணிஸ் வாங்கிக்கொண்டு போனேன். பணிஸை எடுத்துக்கொண்டு அதையே சொன்னார். குறிப்புகளைப் படியெடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். எடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது குறிப்புகள் மட்டுமல்ல. சேமிப்பைத் திறந்தால் திரையில் அவருடைய பெயர் இருக்க வேண்டும்.

மூன்றாம் முறை நான் போனபோது மூடுகிற படிவம் மேசையில் இருந்தது. கடைசியாகப் பாவித்த திகதியை நிரப்புவதற்காகக் கணக்கைத் திறந்தார். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரமாகத் தட்டச்சுச் சத்தம் இல்லை. திரும்பினேன். பஸ்லினா படிவத்தை இரண்டாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சொன்னார்: “இத மூட ஏலா சேர். மிஸ் போன கிழமையும் உள்ளுக்கு வந்திருக்காங்க. நீங்க திருத்தின ஃபைல்களத்தான் ஒவ்வொண்டாத் திறந்து பாத்திருக்காங்க.”

பதினெட்டு வருடமாக மற்றவர்களின் பிரதிகளுக்குப் புள்ளி போட்ட நான் அன்று பின்னேரம் ஜெசிந்தா மிஸ்ஸுக்கு எழுதத் தொடங்கிய கடிதம் இப்போது நாலாம் பிரதியில் நிற்கிறது, முதல் மூன்றையும் ரிஸ்வான் பட்ட இரண்டு நாள் பாடு இல்லாமலே பிழையாக எழுதிவிட்டேன்.