எருமை மறைத்த ஈரம்

அரசாங்கக் காகிதத்தில் நான் முதன்முதலாக எழுதிய சொல் 'இல்லை' என்பது. மண் அணையின் அடிவாரத்தில் நீர்க்கசிவு உண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உண்டு என்பதை ஓர் எருமை தன் மேனியால் மூடிக்கொண்டு படுத்திருந்தது. எருமைக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும் என்று படிவத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. பாலக்காட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஜவுளிக் கடை. நான் துணி கிழிக்கும் அழகைப் பார்த்துவிட்டு அத்தா ஒரு நாள் சொன்னார்: "நீ சர்க்கார் உத்தியோகத்துக்குப் போயிரு. அங்க கோணலாப் போனாலும் யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டாங்க." அப்படித்தான் பொதுப்பணி இலாகாவில் ஓவர்சியர் ஆனேன்.

அணை எலப்புள்ளிக்குக் கிழக்கே இருந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடைக்குக் குறுக்கே, நாலு ஆள் உயரத்தில் ஒரு மண் கரை. மழை வெள்ளத்தைப் பிடித்து வைத்து, மதகு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் ஓடை நேரே கீழ் ஊருக்குள் புகுந்து அடுப்புகளை அணைத்துவிடும். அந்தச் சமயம் ராஜ்யங்களைப் பிரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. நாங்கள் மதராஸில் இருப்போமா, கேரளத்துக்குப் போவோமா என்று ஆபீஸில் எல்லாரும் வாதாடிக்கொண்டிருந்தோம். அணை மட்டும் எந்த ராஜ்யத்துக்கும் காத்திராமல் தன்பாட்டுக்குக் கசிந்துகொண்டிருந்தது.

மண் அணையைப் பரிசோதிப்பது பெரிய வித்தை அல்ல. முதலில் கரை மேல் நடந்து, விரிசல் விட்டிருக்கிறதா, எங்கேயாவது தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரிவில் எலி வளை, நண்டு வளை, மரத்தின் வேர் இவற்றைத் தேட வேண்டும். பிறகு தண்ணீர் இல்லாத பக்கம் இறங்கி அடிவாரம் நெடுக நடக்க வேண்டும். ஈரம் தெரிந்தவுடன் பயந்துவிடக் கூடாது. மண்ணால் கட்டியது வியர்க்கத்தான் செய்யும். கசிகிற நீர் தெளிவாக இருந்தால் சரி. கலங்கலாக வந்தால், கரையின் மண்ணை உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அப்போது ஓவர்சியர் ஓட வேண்டும். எந்தத் திசையில் என்பது அவரவர் மனசாட்சி.

ஆனி மாதம் நான் போனபோது அடிவாரத்தில் அந்த எருமை சேற்றில் கிடந்தது. எருமை இருக்கும் இடத்தில் சேறு இருக்கத்தானே செய்யும் என்று முடிவு கட்டினேன். சேறு இருந்ததால்தான் எருமை வந்தது என்பது, தர்க்க சாஸ்திரத்தில் நான் பரீட்சைக்குப் படிக்காமல் விட்ட பகுதி.

ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. உதவி இஞ்சினியரிடமிருந்து உத்தரவு வந்தது: கரையை மறுபடி பார், கலங்கல் கசிவு இருந்தால் மதகை முழுசாகத் திற. போனேன். அணையில் முக்கால்வாசி தண்ணீர். எருமை அதே இடத்தில் இருந்தது. சேறு மட்டும் இரண்டு பங்காகியிருந்தது. எருமை வளர்ந்ததாகத் தெரியவில்லை.

"ஆனியிலயே சொல்லலாம்னு நெனச்சனுங்க" என்றார் லஸ்கர். மதகைத் திறந்து மூடும் ஊழியருக்கு இலாகாவில் அந்தப் பெயர். "அதுக்குள்ள நீங்க எழுதி முடிச்சுப் பேனாவ மூடிட்டீங்க. பேனா மூடுனதுக்கப்புறம் ஆபீசருங்ககிட்டப் பேசப்படாதுங்க."

"இப்பச் சொல்லுங்க. தண்ணி கலங்கலா வருதா, தெளிவா வருதா?"

"எருமை உள்ள கெடக்கறப்ப எப்படிங்க சொல்றது? கங்கையே ஆனாலும் கலங்கித்தானுங்க கெடக்கும்."

அதுதான் சிக்கல். எருமை எழுந்தால்தான் உண்மை தெரியும். எருமைக்குச் சொந்தக்காரி, அணைக்கு நேர் கீழே பயிர் வைத்திருந்த ஓர் அக்கா. நாற்பது வயது இருக்கும். அரை ஏக்கரில் நாற்று நட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. மதகை முழுசாகத் திறந்தால் முதலில் முங்குவது அந்த வயல். சரியாக வேர் பிடிக்காத நாற்றை வெள்ளம் வாரிக்கொண்டு போய்விடும். மறுபடி நட அவரிடம் மிச்ச நாற்றும் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா, எருமையைக் கொஞ்சம் எழுப்புங்க."

"எதுக்குங்க தம்பி?"

"அடியில பாக்கணும்."

"அதுக்கு அடியில மடிதானுங்க இருக்குது. பாலு வேணும்னா ஊட்டுக்கு வாங்க."

"சர்க்கார் உத்தரவுக்கா."

"எருமை பேருக்கு வந்துதுங்களா?"

லஸ்கர் கயிற்றைப் பிடித்து முன்னால் இழுத்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். நெம்புகோல் தத்துவத்தில் நான் நல்ல மார்க் வாங்கியவன். ஆனால் எருமையில் நெம்புவதற்கு முனை என்று ஒன்று கிடையாது. கை வழுக்கிச் சேற்றில் விழுந்தேன். எருமைக்கு மரியாதை தெரிந்திருந்தது. சற்று ஒதுங்கி எனக்கும் இடம் விட்டது.

வரப்பில் நின்று சிரித்து முடித்தபின் அக்கா விஷயத்துக்கு வந்தார். "நாஞ் சொன்னா எந்திரிக்குமுங்க. ஆனா கலங்கல்னு எழுதுனா நீங்க மதகத் தொறப்பீங்க. எம்பட நாத்து போயிரும். அப்புறம் வருசம் முச்சூடும் உங்க காயிதத்தையா வேகவெச்சுத் திங்கறது?"

சேற்றில் உட்கார்ந்துகொண்டு சட்டம் பேச முடியவில்லை. "தெளிவா இருந்தா தெளிவுன்னுதான் எழுதுவேன். நீங்களே பக்கத்துல இருந்து பாருங்க" என்றேன்.

அக்கா வரப்பை விட்டு இறங்கினார். பிறகு நாக்கைச் சொடுக்கி, "ம்மா, வா" என்றார். அவ்வளவுதான். எருமை எழுந்து, கல்யாண வீட்டில் பந்தி முடித்தவரைப் போல நிதானமாக நடந்து போனது.

அக்கா ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்தார். செம்புக்குள் எல்லாத் தண்ணீரும் ஒரே நிறம். லஸ்கர் டீக்கடைக்கு ஓடிக் கண்ணாடி கிளாஸ் வாங்கி வந்தார். முதல் கிளாஸில் முழுக்க எருமைதான் இருந்தது. எருமை கிடந்த குட்டை சற்றுத் தெளிய ஒரு மணி நேரம் காத்திருந்து, குமிழி வந்த இடத்தோரமாக இரண்டாவது கிளாஸ் எடுத்தேன். வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் பளிச்சென்று இருந்தது. எழுதுவதற்காகப் பென்சிலைத் தேடிய நேரத்தில் அக்கா கிளாஸை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டார்.

"எளநியாட்டம் இருக்குதுங்க. எழுதுங்க, தெளிவுன்னு."

"அக்கா! அது சாட்சி!"

"சாட்சி வயித்துக்குள்ள பத்திரமா இருக்குதுங்க."

மூன்றாவது கிளாஸை ஒரு கல் மேல் வைத்து, லஸ்கரைக் காவலுக்கு நிறுத்தினேன். பிறந்த குழந்தைக்கு யார் மூக்கு என்று பார்ப்பதுபோல மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷத்தில் அடியில் வெங்காயத் தோல் கனத்துக்குச் செம்மண் படிந்தது.

"எருமை கலக்குன சேறுங்க அது" என்றார் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நாலாவது கிளாஸ் எடுத்தோம். தோல் தடித்தது. இதற்குள் குட்டையும் நன்றாகத் தெளிந்து அடி தெரிந்தது. கரை ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதிலிருந்து தண்ணீர் குமிழியிட்டு மணலைத் துப்ப, சுற்றிலும் எறும்புப் புற்றைப் போல ஒரு வளையம் ஏறியிருந்தது. எருமைகள் மணல் துப்புவதில்லை.

அக்கா துவாரத்தைப் பார்த்தார். கரையை அண்ணாந்து பார்த்தார். கடைசியாகத் தன் வயலைப் பார்த்தார்.

"கரை போச்சுன்னா எம்பட ஊடும் போயிருமுங்களா?"

"போயிரும்கா. கீழ ஊரும் போயிரும்."

"அப்புறம் என்னத்தப் பாத்துட்டு நிக்கறீங்க? தொறங்க. நீங்களே தொறங்க. லஸ்கரண்ணன் எதுக்கு எம்பட நாத்த முக்கற பாவத்தச் சொமக்கோணும்?"

மேலே ஏறி மதகுத் திருகைப் பிடித்துத் தொங்கினேன். உடம்பில் இருந்த பலம் அத்தனையும் கொடுத்தேன். அசையவில்லை. லஸ்கர் ஒரு மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது மூடற பக்கமுங்க."

மறுபக்கம் திருப்பியதும் தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது. ஒரு மணி நேரத்தில் வயல் குளமாயிற்று. எருமை அதில் இறங்கிப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு அணைக்குக் கீழே முழுத் திருப்தியோடு இருந்த ஜீவன் அது ஒன்றுதான்.

துவாரத்தின் மேல் முதலில் மணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கல் என்று கொட்டினோம். தண்ணீர் வெளியே வரலாம், மண் வரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அக்காவும் கூடை சுமந்தார். கூடைக்கு ஒரு வசவு எனக்கு. 'இல்லை' என்று எழுதியதற்கு ஆபீஸ் விளக்கம் கேட்டது. எருமை மறைத்தது என்று எழுதினேன். எருமை எந்தத் தேதியிலிருந்து மறைத்தது என்று திருப்பிக் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் கசிவு தெளிந்தது; அணையிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. மதகைத் தாழ்த்தினோம். வயலில் நீர் வடிய வடிய நாற்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சேறு பூசிப் படுத்திருந்தாலும் பெரும்பாலும் வேரோடு இருந்தன. வாய்க்கால் ஓரத்து மூலை மட்டும் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. பக்கத்து வயல்காரர் நாலு கட்டு நாற்று கொடுத்தார். நடத்தான் ஆள் இல்லை. எல்லாரும் அவரவர் வயலில். நானே நடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா மறுக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்து, நான் சொன்ன ஒன்றுக்கு அவர் மறுபேச்சுப் பேசாதது அப்போது மட்டும்தான்.

நிஜாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். பின்னால் நகர்ந்துகொண்டே நட வேண்டும்; கால் எதன் மேல் படுகிறது என்று தெரியாது. ஒரு மணி நேரம் நட்டுவிட்டு நிமிர்ந்தேன். அக்கா வரப்பில் குந்தி, நான் நட்ட வரிசையையும் அதற்குப் பக்கத்து வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போதுமுங்க தம்பி, மேல ஏறுங்க" என்றார். "வெள்ளம் இந்த மூலையத்தானுங்க கொண்டுட்டுப் போச்சு. நீங்க மிதிச்ச மிதிக்கு நாலு மூலையும் மறுக்கா நடோணுமாட்ட இருக்குது."